எஃப்-1 கீயை அழுத்தினால் என்ன வர வேண்டும்?

சாஃப்ட்வேர் உதவிக் குறிப்புகளுக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை



ப்ரோக்ராம் எழுதுவதற்கு நமக்குப் பாடம் உண்டு. ஃப்ளோ சார்ட் போடுவதற்கும் பாடம் உண்டு. ஆனால் அந்த ப்ரோக்ராமை நாளைக்கு உபயோகிக்கப் போகிறவருக்கு உதவிக் குறிப்பு எழுதுவதைப் பற்றி நாம் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசியில் "யூசர் மேனுவல்" என்று தலைப்புப் போட்டு, நாலு ஸ்கிரீன் படத்தை ஒட்டி, பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறோம். இது எவ்வளவு பெரிய குறை என்பதை நான் தெரிந்துகொண்ட இடம் கிளாஸ் ரூம் அல்ல, ஒர்க் ஷாப் ஸ்டோர். அங்கே கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஸ்டோரில் நடந்தது

எங்கள் ஸ்டோரில் டூல்ஸ் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் சீனியர்கள் விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது. நன்றாகவே எழுதியிருந்தார்கள், உதவி ஃபைலும் வைத்திருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர் பழுதாகி, விண்டோஸ் 10 உள்ள கம்ப்யூட்டர் வந்தது. ப்ரோக்ராம் ஓடியது. ஆனால் எஃப்-1 அழுத்தினால் உதவி வரவில்லை.

ஆறு மாதம் யாரும் கவனிக்கவில்லை. இறுதியாண்டு அண்ணன் ஒருவர் நோ-ட்யூ வாங்கப் போனபோதுதான் வினை வந்தது. அவர் பெயரில் ஒரு வெர்னியர் காலிப்பர் உடைந்த கணக்கு. பணம் கட்டி ரசீதும் வைத்திருந்தார். ஆனால் கம்ப்யூட்டரில் "பாக்கி" என்றே காட்டிக்கொண்டிருந்தது. உடைந்த பொருளை வரவு வைக்காமல் கணக்கை முடிக்க அந்த ப்ரோக்ராமில் தனி வழி உண்டு. அது எழுதியிருந்த ஒரே இடம் உதவி ஃபைல். ஸ்டோர் அண்ணன் எஃப்-1 அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏதோ ப்ரௌசர் தொறக்குது, நெட் இல்லங்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். ஸ்டோர் கம்ப்யூட்டரில் இண்டர்நெட் கிடையாது, காலேஜுக்குள் இருக்கும் லேன் மட்டும்தான். அந்த நோ-ட்யூ மூன்று நாள் நின்றது.

எங்கள் துறை சார் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு, "ஹெல்ப்பைப் புதுப்பிச்சுக் குடுங்கப்பா, இதுதான் உங்க மினி ப்ராஜெக்ட்" என்றார். இதென்ன பெரிய வேலை, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். ஒன்றரை மாதம் ஆனது.

2. மூலம் வேறு, வடிவம் வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உதவி எழுதுகிறவர் டைப் செய்து வைக்கும் ஃபைல்கள்தான் மூலம். அதை ஒரு டூலில் கொடுத்து கம்பைல் செய்தால் உபயோகிப்பவர் கையில் கிடைப்பது வடிவம். நம் வீட்டு மாவு மாதிரிதான். ஒரே மாவில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம். மாவு இருக்கும்வரை கவலை இல்லை. இட்லியைப் பிசைந்து மறுபடி மாவாக்க முடியுமா? உதவி ஃபைலைப் பிரித்தெடுக்கும் டூல்கள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் எழுதியவர் போட்டு வைத்த குறிகளும் பிரிவுகளும் முழுசாகத் திரும்பி வருவதில்லை.

எங்கள் அதிர்ஷ்டம், சீனியர்களின் சி.டி. ஒன்று துறை அலமாரியில் கிடைத்தது. அதில் மூலம் இருந்தது.

3. வடிவங்களின் வரலாறு

எந்த வடிவம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாமல் தேர்வு செய்ய முடியாது. சுருக்கமாகப் பார்ப்போம்.

வின்ஹெல்ப்: 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. ஃபைல் பெயர் எச்.எல்.பி. என்று முடியும். இதன் மூலம் வேர்டில் டைப் செய்யும் ஆர்.டி.எஃப். ஃபைல். ஒவ்வொரு தலைப்பும் தனிப் பக்கம். பக்கத்தின் அடிக்குறிப்பில் # போட்டால் தலைப்பின் அடையாளப் பெயர், $ போட்டால் தலைப்பு, கே எழுத்துப் போட்டால் தேடும் சொற்கள். இரட்டை அடிக்கோடு போட்ட சொல் அடுத்த தலைப்புக்குத் தாவும், ஒற்றை அடிக்கோடு போட்ட சொல் சின்ன பாப்-அப் பெட்டியைத் திறக்கும். போக வேண்டிய இடத்தின் பெயரை மறைந்த எழுத்தில் பக்கத்திலேயே எழுத வேண்டும். சீனியர்கள் இத்தனையையும் கையால் செய்திருந்ததைப் பார்த்து அசந்துபோனோம்.

2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இந்த ஃபைலைத் திறக்கும் ப்ரோக்ராமை மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை. விஸ்டா முதல் விண்டோஸ் 8.1 வரை தனியாக டவுன்லோட் செய்துகொள்ள வழி தந்தார்கள். விண்டோஸ் 10-க்கு அதுவும் இல்லை. ஆக, ஸ்டோரில் உதவி வராததற்கு ப்ரோக்ராமின் பழுது காரணம் அல்ல. அந்த வடிவத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

எச்.டி.எம்.எல். ஹெல்ப்: 1997-இல் வந்தது. சி.எச்.எம். என்று முடியும். பல எச்.டி.எம்.எல். பக்கங்களை அமுக்கி ஒரே ஃபைலாக்கியது. இடது பக்கம் பொருளடக்கமும் தேடலும், வலது பக்கம் விளக்கமும் வரும். பக்கத்தைக் காட்டுவது இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் உள் எஞ்சின். இதை உருவாக்கும் ஒர்க்‌ஷாப் என்ற டூலை மைக்ரோசாஃப்ட் வளர்ப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆனாலும், விண்டோஸ் 11-இல் கூட சி.எச்.எம். திறக்கிறது.

வெப் ஹெல்ப்: 1990களின் பிற்பகுதியிலிருந்து. அமுக்காமல், பக்கங்களை ஃபோல்டராகவே வைத்து எந்த ப்ரௌசரிலும் திறக்கும் முறை. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற பேதம் கிடையாது. செல்போன் திரைக்கு ஏற்றபடி மடங்கும் இன்றைய எச்.டி.எம்.எல்.-5 உதவி இதன் வாரிசு.

ஜாவா ஹெல்ப்: 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டது. ஜாவாவில் எழுதிய ப்ரோக்ராம்களுக்கானது.

ஃப்ளாஷ் வழி உதவி: 2000களில் சில டூல்கள் ஃப்ளாஷ் அனிமேஷனோடு உதவி தயாரித்தன. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் ப்ளேயருக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. அந்த உதவிகளும் அத்தோடு போயின.

பி.டி.எஃப்.: 1993-இல் அடோபி வெளியிட்டது. 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. அச்சுக்கு இதை மிஞ்ச வேறில்லை. ஆனால் எஃப்-1 அழுத்தியவுடன் சரியான இடத்தில் திறக்க வைப்பது கஷ்டம்.

வடிவங்கள் மட்டுமல்ல, டூல்களும் கை மாறுகின்றன. உதவி எழுதுகிறவர்களிடையே பெயர் பெற்ற ரோபோஹெல்ப் டூலை உருவாக்கியது அமெரிக்காவின் ப்ளூ ஸ்கை சாஃப்ட்வேர். அந்த கம்பெனி பின்னர் ஈ-ஹெல்ப் என்று பெயர் மாறியது. 2003-இல் மேக்ரோமீடியா அதை வாங்கியது. 2005-இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. அதே 2005-இல் ஈ-ஹெல்ப்பில் வேலை பார்த்த சிலர் வெளியே வந்து மேட்கேப் என்ற கம்பெனியைத் தொடங்கி, 2006-இல் ஃப்ளேர் என்ற போட்டி டூலைக் கொண்டு வந்தார்கள். நம்பியிருந்த டூலுக்கு மூன்று முதலாளிகள் மாறும்போது எழுத்தாளர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

4. நாங்கள் விழுந்த பள்ளங்கள்

பள்ளம் ஒன்று, நெட்ஒர்க்: ஒர்க்‌ஷாப் டூலில் பழைய வின்ஹெல்ப் ப்ராஜெக்டை மாற்றித்தரும் வசதி இருக்கிறது. மாற்றினோம். மேக்ரோ போட்ட பட்டன்கள் விடுபட்டன, அவற்றைக் கையால் சரிசெய்தோம். 32 தலைப்பும் சி.எச்.எம். ஆனது. லேபில் அருமையாகத் திறந்தது. சர்வரில் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டு ஸ்டோரில் திறந்தோம். இடது பக்கம் பொருளடக்கம் இருக்கிறது, வலது பக்கம் விளக்கம் வரவில்லை! மூன்று முறை கம்பைல் செய்து பார்த்தோம், அதே கதை.

காரணம் எங்கள் ஃபைல் அல்ல. சி.எச்.எம். வழியாகக் கெட்ட ஸ்கிரிப்டை ஓட்ட முடியும் என்பதால், 2005-இல் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, வேறு கம்ப்யூட்டரின் ஃபோல்டரிலிருந்து திறக்கும் சி.எச்.எம்.-இன் பக்கங்களை விண்டோஸ் காட்டுவதில்லை. டவுன்லோட் செய்த சி.எச்.எம்.-உம் இப்படி வெறுமையாகத் திறக்கலாம். அதற்கு ஃபைலின் ப்ராபர்டீஸில் போய் "அன்ப்ளாக்" கொடுத்தால் போதும். நெட்ஒர்க்கில் இருப்பதற்கு அது போதாது, அந்தந்த கம்ப்யூட்டரிலேயே காப்பி செய்ய வேண்டும். செய்தோம், திறந்தது.

பள்ளம் இரண்டு, தமிழ்: ஸ்டோர் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி, இத தமிழ்ல போட முடியாதா?" என்றார். நியாயமான கேள்விதான். 32 தலைப்பையும் தமிழில் எழுதினோம். வலது பக்கத்தில் தமிழ் அழகாக வந்தது. இடது பக்கப் பொருளடக்கத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்!

இதன் காரணத்தை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கப் பக்கத்தைக் காட்டுவது ப்ரௌசர் எஞ்சின். அதற்கு யூனிகோட் தெரியும். பொருளடக்கப் பகுதி யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுதப்பட்டது, விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல்களை மட்டுமே அறியும். ரஷ்ய மொழிக்கும் அரபு மொழிக்கும் அந்தப் பட்டியல் உண்டு. தமிழுக்கும் இந்திக்கும் கிடையாது. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே நேராக யூனிகோடாகத்தான் வந்தது. ஆகவே சி.எச்.எம்.-இன் இடது பக்கத்தில் தமிழ் ஒழுங்காக வர வழியில்லை. எங்கள் டைப்பிங் தவறு என்று நாலு நாள் தேடியது வீண்.

பள்ளம் மூன்று, ஸ்கிரிப்ட்: சரி, வெப் ஹெல்ப் என்று முடிவு செய்தோம். இலவச டூல் ஒன்றில் தயாரித்தோம். பொருளடக்கம் தமிழில் ஜம்மென்று வந்தது. தேடும் பெட்டிதான் வேலை செய்யவில்லை. வெப் சர்வர் இல்லாமல் ஃபோல்டரிலிருந்து பக்கத்தை நேராகத் திறக்கும்போது, பக்கத்திலிருக்கும் மற்ற டேட்டா ஃபைல்களை ஸ்கிரிப்ட் படிப்பதை இன்றைய ப்ரௌசர்கள் தடுக்கின்றன. இதுவும் பாதுகாப்புக்காகத்தான். இதற்கென்றே வேறு விதமாகத் தயாரிக்கும் டூல்கள் உண்டு. எங்கள் டூல் அப்படிப்பட்டதல்ல.

கடைசியில் செய்தது மிக எளிது. ஸ்கிரிப்டே இல்லாத சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்கள் 32. ஒரே பக்கத்தில் பொருளடக்கம். தேட வேண்டுமானால் கண்ட்ரோல்-எஃப் போதும். எல்லாம் ஸ்டோர் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கிலேயே. ப்ரோக்ராமில் சின்ன மாற்றம் செய்து, எந்த ஸ்கிரீனில் எஃப்-1 அழுத்தினாலும் அந்த ஸ்கிரீனின் எண் போட்ட பக்கம் திறக்கும்படி வைத்தோம். அதே மூலத்திலிருந்து, அடிக்கடி தேவைப்படும் ஆறு தலைப்பை மட்டும் பி.டி.எஃப். ஆக்கி, பிரிண்ட் எடுத்து, ஸ்டோர் சுவரில் ஒட்டினோம்.

5. வடிவம் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

புது டூலில் "அவுட்புட்" மெனுவைத் திறந்தால் ஏழெட்டு வடிவங்கள் வரிசையாக நிற்கும். மெனுவில் கடைசியாக வந்ததே சிறந்தது என்று எண்ணிவிடக்கூடாது. கேட்க வேண்டியவை:

அ) உபயோகிப்பவரிடம் இண்டர்நெட் இருக்கிறதா? எப்போதும் இருக்கிறதா? இருந்தால் வெப் சர்வரில் வைப்பதே நல்லது. தவறு கண்டால் ஒரு இடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் திருந்திவிடும். ஆனால் பழைய வெர்ஷன் வைத்திருப்பவர் புது வெர்ஷனுக்கான உதவியைப் படித்துக் குழம்பாதபடி வெர்ஷன்வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

ஆ) எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்? விண்டோஸ் மட்டும், ஒரே கம்ப்யூட்டர், ஆங்கிலம் என்றால் சி.எச்.எம். இன்றும் கைகொடுக்கும். ஒரே ஃபைல், தேடல் வசதி, சின்ன அளவு. மேக், லினக்ஸ், செல்போன் என்றால் எச்.டி.எம்.எல். தான்.

இ) ஃபைல் எங்கே உட்காரப் போகிறது? ஹார்ட் டிஸ்கிலா, நெட்ஒர்க் ஃபோல்டரிலா, வெப் சர்வரிலா? எங்கள் முதல் பள்ளம் இதுதான்.

ஈ) எந்த மொழி? விளக்கம் மட்டுமல்ல, பொருளடக்கம், தேடல், அகரவரிசை எல்லாவற்றிலும் அந்த மொழி வருகிறதா?

உ) ப்ரோக்ராமிலிருந்து நேராகத் திறக்க வேண்டுமா, அல்லது தனியாகப் படித்தால் போதுமா?

ஊ) அச்சு வேண்டுமா? கையில் கிரீஸோடு வேலை செய்பவருக்கு சுவரில் ஒட்டிய தாள்தான் உதவி.

6. டூல் வெர்ஷன் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. மூலத்தை முதலில் காப்பி எடுத்து வையுங்கள். புது வெர்ஷனில் ஒருமுறை திறந்து சேவ் செய்த ப்ராஜெக்டைப் பெரும்பாலும் பழைய வெர்ஷன் திறக்காது. திரும்பிப் போகும் வழி அந்தக் காப்பி ஒன்றுதான்.

2. இப்போது என்னென்ன வடிவங்கள் கொடுக்கிறோம், யார் உபயோகிக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். புது வெர்ஷன் அவற்றில் எதைக் கைவிட்டிருக்கிறது என்று வாங்குமுன் பாருங்கள், வாங்கிய பின் அல்ல.

3. உடனே புது வடிவத்துக்குத் தாவாதீர்கள். முதலில் பழைய வடிவத்தையே புது டூலில் தயாரித்து ஒப்பிடுங்கள். அப்போதுதான் தவறு டூலிலா வடிவத்திலா என்று தெரியும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

4. ஹெல்ப் எண்களைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ப்ரோக்ராமில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு எந்தத் தலைப்பு என்ற பட்டியல் உதவி ப்ராஜெக்டில் இருக்கும். டூல் மாறும்போது எண்கள் மாறினால், "வரவு" ஸ்கிரீனில் எஃப்-1 அழுத்தியவருக்கு "பற்று" விளக்கம் வரும். உதவியே வராமல் இருப்பதைவிட இது ஆபத்து.

5. வாசகங்களைப் பாருங்கள். "இங்கே க்ளிக் செய்யவும்" என்பதற்கு அச்சுத் தாளில் அர்த்தமில்லை. "12-ஆம் பக்கம் பார்க்க" என்பதற்கு ஸ்கிரீனில் அர்த்தமில்லை. "பொருள் திரும்பப் பெறுதல் என்ற தலைப்பைப் பார்க்க" என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

6. சோதனையை உபயோகிப்பவரின் கம்ப்யூட்டரில் செய்யுங்கள். லேபில் திறந்தது ஸ்டோரில் திறக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

7. மூலத்தை, எந்த டூலும் படிக்கக்கூடிய முறையில் வையுங்கள். எச்.டி.எம்.எல்., எக்ஸ்.எம்.எல். போன்றவை வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள். நோட்பேடிலும் திறக்கும். பெரிய கம்பெனிகளில் டிட்டா என்ற எக்ஸ்.எம்.எல். முறை வழக்கத்தில் உள்ளது. ஐ.பி.எம். உருவாக்கியது, 2005-இல் பொதுத் தரமானது. தலைப்புத் தலைப்பாக எழுதி வைத்து வேண்டிய வடிவத்துக்கு வார்த்துக்கொள்வதே அதன் அடிப்படை.

7. முடிவுரை

வேலையை ஒப்படைத்த அன்று ஸ்டோர் அண்ணன் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, தானே எஃப்-1 அழுத்தி, "உடைந்த பொருள்" பக்கத்தைப் படித்து, வேறு ஒரு பழைய கணக்கை முடித்துக் காட்டினார். "இனிமே உங்கள தேடிக்கிட்டு அலைய வேண்டாம்" என்றார். எங்களுக்கு அதைவிட நல்ல மார்க் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் கம்ப்யூட்டரில் ஒன்று புரியாவிட்டால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. கிளாஸில் கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். யாரும் பார்க்காதபோது எஃப்-1 அழுத்திப் படித்துத்தான் நிறைய கற்றேன். எத்தனை தடவை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு வாத்தியார். அந்த வாத்தியார் ஒரு நாள் திடீரென்று வாய் மூடிக்கொண்டால் கேட்கத் தயங்குகிறவன்தான் முதலில் நின்றுபோவான். கேட்கத் தெரிந்தவனுக்கு எப்படியும் வழி கிடைத்துவிடும்.

ஆகவே நண்பர்களே, நாளை நீங்கள் எந்த கம்பெனியில் எந்த டூலில் வேலை செய்தாலும் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். வடிவத்தைத் தீர்மானிப்பது டூலின் மெனு அல்ல, எஃப்-1 அழுத்துகிறவர் உட்கார்ந்திருக்கும் இடம். எந்த வடிவமும் ஒரு நாள் போய்விடும், மூலத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் மூலத்தை சி.டி.யில் ஒன்று, துறை சர்வரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். எந்த ஃபைல் எதற்கு என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறோம். நமக்குப் பின் வரும் ஜூனியர்கள் இன்னொரு வடிவத்துக்கு மாற்ற வேண்டி வரும். அவர்கள் அலமாரியைக் குடைய வேண்டியதில்லை.